ஒரு நக்ஷத்திரத்தின் வரவு செலவு

வீட்டுச் செலவைத் தினந்தோறும் எழுதி வைக்கும் நல்ல வழக்கம் நம் குடும்பங்கள் பலவற்றில் இன்னும் இருந்து வருகிறது. மாதக் கடைசியில் வரவையும் செலவையும் கூட்டிப் பார்க்கும்போது சில சமயம் கணக்கு ஒத்துக்கொள்வதில்லை. இருப்பில் ஐம்பது ரூபாய் குறைகிறது. பாலுக்குக் கொடுத்ததா, குழந்தைகளின் நோட்டுப் புத்தகத்துக்குப் போயிற்றா என்று ஒவ்வொன்றாக விசாரிக்கிறோம். ஒன்றிலும் அகப்படாவிட்டால் இரண்டே முடிவுகள்தாம் உண்டு. எழுதியதில் பிழை இருக்க வேண்டும்; அல்லது நம் கண்ணில் படாத ஒரு கை பெட்டிக்குள் புகுந்திருக்க வேண்டும். கணக்குச் சரியாக ஒத்துவிட்டாலோ, அதுவும் ஒரு செய்திதான். கள்வன் எவனும் வரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இந்த எளிய நியாயத்தைக் கொண்டு பௌதிக விஞ்ஞானிகள் ஒரு பெரிய வழக்கை விசாரித்து வருகிறார்கள். அந்த வழக்கில் பெட்டி என்பது வெடித்துச் சிதறும் ஒரு நக்ஷத்திரம். பணம் என்பது அதன் சக்தி. சந்தேகத்துக்கு உள்ளானவையோ, இதுவரை எந்த ஆராய்ச்சிச் சாலையிலும் அகப்படாத புதிய நுண்துகள்கள். அந்த வழக்கின் விவரத்தை இவ்வாரம் நேயர்கள் முன் வைக்கக் கருதுகிறோம்.

வழக்கின் முக்கியச் சாட்சி நியூட்ரினோ என்னும் துகள். அது உலகுக்கு அறிமுகமானதே ஒரு கணக்குக் குறைவினால்தான். சில அணுக்கருக்கள் தாமாகவே ஓர் எலெக்ட்ரானை வெளியே வீசிவிட்டு வேறு கருவாக மாறுகின்றன. மாறுவதற்கு முன்னிருந்த சக்தி இவ்வளவு, பின்னர் இருப்பது இவ்வளவு என்று கூட்டிப் பார்த்தபோது ஒவ்வொரு தடவையும் சிறிது குறைந்தது. அதுவும் தடவைக்குத் தடவை வெவ்வேறு அளவில் குறைந்தது. சக்தி அழிவதில்லை என்ற மூல விதியையே கைவிட்டுவிடலாமா என்று பெரிய அறிஞர்களும் தடுமாறிய காலம் அது. 1930-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 4-ந் தேதி, ஸூரிச் நகரத்துப் பேராசிரியராகிய வுல்ஃப்காங் பவுலி தம் சகாக்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். விதி பொய்க்கவில்லை, மின்னேற்றம் இல்லாத, கருவிகளுக்குத் தென்படாத ஒரு துகள் அந்தச் சக்தியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது என்பது அவருடைய யோசனை. யோசனை கூறியவருக்கே அதைக் கண்ணால் காண முடியும் என்ற நம்பிக்கை இருக்கவில்லை. ஆயினும் 26 வருஷங்கள் கழித்து, 1956-ல், ரெய்ன்ஸ், கோவன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் ஓர் அணு உலையின் அருகே கருவியை வைத்து அத்துகளைப் பிடித்துக் காட்டினர்.

நியூட்ரினோ பிற பொருள்களோடு அநேகமாக உறவே கொள்ளாதது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டும் நம் கட்டைவிரல் நகத்தளவு இடத்தின் வழியே விநாடிக்கு 6,000 கோடிக்கு மேல் ஊடுருவிச் செல்கின்றன. பகலில் தலைவழியே புகுந்து பாதத்தின் வழியே வெளியேறுகின்றன. இரவில் பூமி முழுவதையும் துளைத்துக்கொண்டு பாதத்தின் வழியே வந்து தலைவழியே போகின்றன. நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளும் கூடிக் கண்டறிந்தனர் என்பது நாம் மறக்கத் தகாத செய்தி.

* * *

இனி நக்ஷத்திரத்துக்கு வருவோம். சூரியனைப் போல் எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள நக்ஷத்திரங்கள் அமைதியாக அணைவதில்லை. முதலில் ஹைட்ரஜன், பிறகு ஹீலியம், அதன்பின் கார்பன், நியான், ஆக்ஸிஜன், சிலிகன் என்று ஒன்றன்பின் ஒன்றாக அவை தம் எரிபொருளைச் செலவிடுகின்றன. எரிவது என்று நாம் இங்கே சொல்வது விறகு எரிவதைப் போன்றதன்று. அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைந்து சக்தியை வெளியிடுவதையே அவ்வாறு சொல்கிறோம். ஹைட்ரஜன் ஏறக்குறைய ஒரு கோடி வருஷம் தாங்குகிறது. சிலிகனோ சில தினங்களிலே தீர்ந்துவிடுகிறது. முடிவில் மிஞ்சுவது இரும்பு. இரும்பை மேலும் இணைத்தால் சக்தி கிடைப்பதில்லை, கைப்பணம்தான் செலவாகும். ஆகவே நக்ஷத்திரத்தின் நடுவே இரும்பு சாம்பலைப் போல் குவிகிறது.

அந்தக் குவியல் எவ்வளவு பாரத்தைத் தாங்கும்? இதற்கு விடை கூறும் கணக்கின் அடிப்படையை இட்டவர் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியம் சந்திரசேகர். 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிச் சென்ற நாட்களில், 19 வயது இளைஞராக அவர் இக்கணக்கில் ஈடுபட்டிருந்தார். வெள்ளைக் குள்ளன் எனப்படும் முதிர்ந்த நக்ஷத்திரங்களைப் பற்றி அவர் கண்ட எல்லை, சூரிய நிறையைப் போல் சுமார் 1.4 மடங்கு. இரும்பு நடுவும் ஏறக்குறைய அந்த எல்லையைத் தாண்டும்போது தன் பாரத்தைத் தானே தாங்க மாட்டாமல் இடிந்து விழுகிறது. பூமியைப் போன்ற பருமனுடைய ஓர் உருண்டை ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் சில பத்துக் கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. எலெக்ட்ரான்கள் புரோட்டான்களுக்குள் அழுத்தப்பட்டு நியூட்ரான்கள் ஆகின்றன. அங்கே ஒரு புளியங்கொட்டையளவு பொருளின் எடை 30 கோடி டன் அளவில் இருக்கும்.

இப்படி விழுந்த பொருளிலிருந்து வெளிப்படும் சக்தி, சூரியன் தன் 1,000 கோடி வருஷ ஆயுள் முழுவதும் வெளியிடுவதைப் போல் 100 மடங்குக்கும் மேற்பட்டது. அத்தனையும் எப்படிச் செலவாகிறது என்பதுதான் நம் கணக்கு. மொத்தத்தைப் பதினாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 9,900 ரூபாயை நியூட்ரினோக்களே கொண்டுபோகின்றன. நக்ஷத்திரத்தின் மேற்பகுதியை உடைத்து வெளியில் வீசும் வேலைக்கு எஞ்சிய நூறு ரூபாயோ அதற்கும் குறைவாகவோதான் போகிறது. உலகமெல்லாம் அண்ணாந்து வியந்து பார்க்கும் அந்த ஒளிக்கு ஆகும் செலவோ ஒரு ரூபாய்க்கு மேல் இராது.

நியூட்ரினோ எதையும் தடையின்றிக் கடப்பது என்று சொன்னோம். ஆனால் இந்த ஓர் இடத்தில் அதற்கும் வழி அடைபட்டுவிடுகிறது. தேர்த் திருவிழாவன்று மாட வீதியில் அகப்பட்டுக்கொண்டவர் ஓர் அடி முன்னும் ஓர் அடி பக்கத்திலுமாகத் தள்ளுண்டு மெல்ல மெல்ல வெளியேறுவதைப் போல, அந்த நெருக்கத்திலிருந்து அது கசிந்து வெளிவர வேண்டியிருக்கிறது. தடையில்லாவிட்டால் ஒரு விநாடியின் பதினாயிரத்தில் ஒரு பாகத்தில் கடந்துவிடக்கூடிய தூரத்தைக் கடக்க அதற்குப் பத்து விநாடியளவு ஆகிறது. நேயர்கள் இந்தப் பத்து விநாடியை மனத்தில் கொள்ள வேண்டும். வழக்கு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

* * *

1987-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 23-ந் தேதி, திங்கட்கிழமை. இந்திய நேரப்படி பிற்பகல் 1 மணி 5 நிமிஷம். நம் நாட்டில் பலர் மதிய உணவில் இருந்த அந்த வேளையில், ஒவ்வொருவருடைய உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் வழியாகவும் 1,000 கோடிக்குக் குறையாத நியூட்ரினோக்கள் சில விநாடிகளுக்குள் பாய்ந்து சென்றன. யாரும் அதை உணரவில்லை. அவை புறப்பட்ட இடம், தென் வானத்தில் பெரிய மெகல்லன் மேகம் என்று வழங்கும் நக்ஷத்திரக் கூட்டம். புறப்பட்டுச் சுமார் 1,68,000 வருஷங்கள் ஆகியிருந்தன.

ஜப்பானில் காமியோகா என்னும் ஊரின் சுரங்கத்தில், 1,000 மீட்டர் ஆழத்தில், 3,000 டன் சுத்த ஜலத்தைக் கொண்ட ஒரு பெருந்தொட்டி இருந்தது. அதன் சுவரில் ஏறக்குறைய ஆயிரம் ஒளி உணரும் குழாய்கள் பதிக்கப்பட்டிருந்தன. தொட்டியைக் கட்டியது வேறொரு காரியத்துக்காக. புரோட்டான் என்றாவது தானாகச் சிதையுமா என்று பார்க்கவே அது 1983-ல் தொடங்கப்பட்டது. புரோட்டான் சிதையவில்லை. வேறு சிலராயின் கருவியைப் பிரித்து விற்றிருக்கலாம். மஸாதோஷி கோஷிபாவும் அவருடைய மாணவர்களும் அவ்வாறு செய்யாமல், ஜலத்தை மேலும் சுத்தமாக்கிச் சூரிய நியூட்ரினோக்களைத் தேடும்படி கருவியைத் திருத்தி அமைத்தனர். அந்த வேலை நிறைவேறியது மேற்சொன்ன சம்பவத்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான்.

அன்று அந்தத் தொட்டியில் 11 நியூட்ரினோக்கள் தம் அடையாளத்தை விட்டுச் சென்றன. அமெரிக்காவில் ஈரி ஏரியின் அருகே ஓர் உப்புச் சுரங்கத்தில் இருந்த கருவியில் 8. ருஷ்ய நாட்டுக் காகசஸ் மலையின் அடியில் பக்ஸான் என்ற இடத்தில் இருந்த கருவியில் 5. ஆக 24. கோடானு கோடிகளில் இருபத்து நான்கு! சுமார் மூன்று மணி நேரம் கழித்தே ஒளி வந்து சேர்ந்தது. நியூட்ரினோ நக்ஷத்திரத்தின் நடுவிலிருந்து விநாடிகளில் வெளியேறிவிடும். வெடிப்பின் அதிர்ச்சி மேற்பரப்பை எட்டி ஒளிர்வதற்கோ மணிக்கணக்காகும். சிலி நாட்டில் லாஸ் கம்பானாஸ் மலையில் இயன் ஷெல்டன் அந்தப் புதிய ஒளியைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். தென் கோடி வானத்தில் இருந்தபடியால் ஐரோப்பியர் தம் ஊரிலிருந்து அதைக் காண இயலவில்லை. தமிழ்நாட்டிலோ தெற்கு அடிவானத்தை ஒட்டி அது சிறிது நேரம் எழுவதுண்டு. ஜவ்வாது மலைக் காவலூர் வானாராய்ச்சி நிலையத்திலிருந்து அதன் நிறமாலை எடுக்கப்பட்டது.

இருபத்து நான்கு எண்ணிக்கையில் என்ன கணக்குப் பார்க்க முடியும் என்று கேட்கலாம். பார்த்தார்கள். அவற்றின் சக்தியை அளந்து, தூரத்தைக் கொண்டு பெருக்கியபோது மொத்தச் செலவு முன்பே ஏட்டில் போட்டிருந்த கணக்கோடு ஏறக்குறைய ஒத்திருந்தது. காமியோகாவில் பெரும்பாலானவை முதல் இரண்டு விநாடிகளில் வந்தன. பிறகு ஏழு விநாடிகள் ஒன்றுமில்லை. அதன்பின் மூன்று வந்தன. கடைசியானது பன்னிரண்டாவது விநாடி கடந்து வந்தது. தேர்க் கூட்டத்திலிருந்து வெளிவர ஆகும் என்று எதிர்பார்த்த காலமும் ஒத்துவிட்டது.

* * *

கணக்கு ஒத்துவிட்டது என்பதன் பொருளை இனிக் காண்போம். இங்கேதான் சந்தேகத்துக்கு உள்ளானவர் கூண்டில் ஏறுகிறார். அவர்களுள் முதன்மையானது ஆக்ஸியான் என்ற துகள்.

அணுக்கருவைக் கட்டி வைத்திருக்கும் பலமான விசையைப் பற்றிய கொள்கையில் வெகு நாளாக ஒரு புதிர் இருந்து வருகிறது. கொள்கைப்படி பார்த்தால் நியூட்ரானுக்குள் மின்னேற்றம் ஒரு பக்கம் சிறிது ஒதுங்கி நிற்கலாம். எவ்வளவு நுட்பமாகச் சோதித்தும் அப்படி ஒதுங்கி நிற்பதாகத் தெரியவில்லை. தராசு ஏன் இவ்வளவு நேராக நிற்கிறது? 1977-ல் ராபர்ட்டோ பெச்சை, ஹெலன் குவின் என்ற இருவர் இதற்கு ஒரு விளக்கம் அளித்தனர். அந்த விளக்கம் உண்மையானால் ஒரு புதிய துகளும் இருந்தே தீரவேண்டும் என்று 1978-ல் வைன்பெர்க், வில்செக் ஆகியோர் எடுத்துக் காட்டினர். அழுக்கான புதிரை வெளுத்துவிடுகிறதென்று வில்செக் அதற்கு ஒரு சலவைத் தூளின் பெயரையே சூட்டிவிட்டார். பிரபஞ்சத்தில் உள்ள பொருளில் ஆறில் ஐந்து பங்கு கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருள் என்று கொள்ளப்படுகிறது. அது ஆக்ஸியான்களின் திரளாகவே இருக்கலாம் என்பாரும் பலர். ஆகவே இந்தத் துகள் உண்டா இல்லையா என்பது ஏதோ ஒரு மூலையில் கிடக்கும் சின்னக் கேள்வியன்று.

ஆக்ஸியான் இருக்குமானால், அந்த நெருக்கமான நடுப்பகுதியில் நியூட்ரான்கள் ஒன்றோடொன்று மோதும்போதெல்லாம் அது பிறக்கும். பிறந்தது தேர்க் கூட்டத்தைப் பொருட்படுத்தாமல் நேரே வெளியேறிவிடும். வெளியேறும்போது சூட்டையும் கையோடு கொண்டுபோகும். பானையில் மூடியின் இடுக்கு வழியே மெல்ல ஆவி போவதற்கும், அடியில் ஓட்டை விழுவதற்கும் உள்ள வேற்றுமை இது. ஓட்டை பெரிதானால் நடுப்பகுதி மளமளவென்று குளிர்ந்துவிடும். நியூட்ரினோக்கள் வருவது பத்து விநாடி நீடிக்காது. முதல் விநாடியில் வருவன பெரும்பாலும் மேலிருந்து விழும் பொருளின் சூட்டால் எழுபவை. ஆகையால் அவை பெரிதாகக் குறையமாட்டா. நின்றுபோகக்கூடியவை பிந்தி வருபவையே. காமியோகாவின் அந்தக் கடைசி மூன்று நியூட்ரினோக்களுக்கு இவ்வளவு மதிப்பு வந்தது இதனால்தான்.

1988-ல் ராஃபெல்ட், ஸெக்கெல், டர்னர் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இக்கணக்கைப் போட்டனர். புதிய துகள் எதுவாயினும் சரி, நியூட்ரினோக்கள் கொண்டுபோகும் அளவுக்கு மேல் அது சூட்டைக் கொண்டுபோகலாகாது என்ற விதி இதிலிருந்து பிறந்தது. அதன்படி, பொதுவாகக் கருதப்படும் வகை ஆக்ஸியானின் நிறை எலெக்ட்ரானின் நிறையில் ஒரு கோடியில் ஒரு பாகத்துக்கும் குறைவாகவே இருக்க வேண்டும் என்று ஏற்பட்டது. பெரிய யந்திரங்களைக் கொண்டும் எட்ட முடியாத ஓர் எல்லையை, சுரங்கத்துத் தண்ணீரில் தோன்றிய சில மின்னல் கீற்றுகள் வரைந்து கொடுத்துவிட்டன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆக்ஸியான் மற்றப் பொருள்களோடு மிகக் குறைவாக உறவு கொள்ளுமானால் அதிகமாகப் பிறக்காது. கணக்கில் ஐம்பது காசு குறைவதைப் போல் தெரியாமலே போய்விடும். மிக அதிகமாக உறவு கொள்ளுமானால் அதுவும் நியூட்ரினோவைப் போல் கூட்டத்தில் அகப்பட்டுக்கொள்ளும். அப்போதும் ஓட்டை பெரிதாகாது. எனவே நக்ஷத்திரம் தள்ளிவைப்பது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவற்றையே. உறவு இன்னும் பலமாயிருந்தால் அந்த ஆக்ஸியான்களே காமியோகாத் தொட்டியில் தம் அடையாளத்தைக் காட்டியிருக்கும் என்று 1990-ல் வேறு சிலர் எடுத்துக் காட்டி, ஒரு பக்கத்து வாசலையும் பெரும்பாலும் அடைத்துவிட்டனர்.

மற்றொரு சாட்சியும் உண்டு. சூரியனை ஆராய்வதற்காக 1980-ல் அமெரிக்கர் அனுப்பிய ஒரு செயற்கைக் கோள் அன்று பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. நியூட்ரினோக்கள் வந்த கணம் முதல் 223 விநாடிகள் அதன் காமாக் கதிர்க் கருவி இடைவிடாமல் இயங்கிற்று. ஆக்ஸியானைப் போன்ற துகள்கள் வழியிலுள்ள காந்தப் புலங்களில் காமாக் கதிர்களாக மாறியிருந்தால், அக்கருவி அவற்றைக் கண்டிருக்க வேண்டும். வழக்கத்துக்கு மேற்பட்ட எதையும் அது காணவில்லை. ஒன்றும் இல்லை என்ற அந்தக் குறிப்பை இன்றும் விஞ்ஞானிகள் தம் கட்டுரைகளில் எடுத்தாளுகிறார்கள்.

* * *

சந்தேகத்துக்கு உள்ளானது ஆக்ஸியான் ஒன்றே அன்று. சாதாரண நியூட்ரினோ தன் உருவை மாற்றி, எதனோடும் உறவில்லாத 'மலட்டு' நியூட்ரினோவாகி மறைந்துவிடலாம். நியூட்ரினோக்கள் தமக்குள்ளேயே நாம் அறியாத ஒரு விசையால் இரகசியமாக உறவாடலாம். அப்படியாயின் அவை தனித்தனியே வெளியேறாமல் ஒரு வெள்ளமாகத் திரண்டு வரக்கூடுமோ என்பதைப் பற்றி 2023 முதல் விஞ்ஞானிகளிடையே விவாதம் நடந்து வருகிறது. சில துகள்கள் நடுவில் பிறந்து, மேற்பகுதிக்குள் வந்து சிதைந்து, அங்கே தம் சூட்டை இறக்கிவிடலாம். இந்தக் கடைசி வகை திருடுவதில்லை; ஒரு பெட்டிப் பணத்தை மற்றொரு பெட்டியில் போடுகிறது. ஆனால் அதற்கும் அளவுண்டு. மேற்பகுதியில் சூடு மிகுந்தால் எல்லா நக்ஷத்திரங்களும் பெரும் வேகத்துடன் வெடிக்க வேண்டும். உண்மையிலோ சில நக்ஷத்திரங்கள் மிகச் சாந்தமாக வெடிக்கின்றன. அந்தச் சாந்தமான வெடிப்புகளே இத்தகைய துகள்களுக்குக் கடுமையான எல்லை வகுக்கின்றன என்று 2022-ல் கணக்கிட்டுக் காட்டப்பட்டது.

நக்ஷத்திரம் வெடிப்பதே எப்படி என்பதும் வெகு காலம் சங்கடமான கேள்வியாயிருந்தது. விழுந்த பொருள் நடுவில் மோதித் திரும்பும்போது எழும் அதிர்ச்சி அலை, நூறு இருநூறு கிலோமீட்டர் போவதற்குள் சோர்ந்து நின்றுவிடுகிறது. கீழிருந்து வரும் நியூட்ரினோக்கள் தம் சக்தியில் ஒரு சிறு பங்கை அங்கே கொடுத்து அதை மறுபடி எழுப்புகின்றன என்பது இன்றைய பெரும்பான்மைக் கருத்து. பழைய கம்ப்யூட்டர் கணக்குகளில் பல தடவை நக்ஷத்திரம் வெடிக்க மறுத்தது. புதிய துகளின் உதவியின்றி வெடிக்காதோ என்று எண்ணியவர்களும் உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கொண்டு செய்யப்படும் இக்காலத்துக் கணக்குகளில் புதிய துகளின் உதவி இல்லாமலே பல நக்ஷத்திரங்கள் வெடித்துவிடுகின்றன. விடை கிடைக்காத இடத்தில் புதிய துகளை அவசரப்பட்டு அழைத்து வரலாகாது என்பதற்கு இது நல்ல பாடம்.

அதுபோலவே, துகளை அவசரப்பட்டுத் தள்ளிவிடுவதும் தகாது. மூன்று நியூட்ரினோக்களின்மேல் கட்டிய தீர்ப்பு எவ்வளவு உறுதியானது? நடுவில் நியூட்ரான் நக்ஷத்திரம் பிறக்காமல் கருந்துளை பிறந்திருந்தால், பிந்தி வந்த நியூட்ரினோக்களுக்கு வேறு காரணம் சொல்லலாம். ஆக்ஸியானின்மேல் விதித்த எல்லையும் தளரும் என்று சிலர் வாதாடினர். இது நியாயமான ஆட்சேபம். 2024-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அந்த வெடிப்பின் மிச்சத்தின் நடுவே ஆர்கான் முதலிய வாயுக்கள் கடுமையான கதிரால் தாக்கப்பட்டு ஒளிர்வதைக் கண்டது. அங்கே ஒரு நியூட்ரான் நக்ஷத்திரம் இருக்கிறது என்பதற்கு இது பலத்த சான்று. பழைய தீர்ப்புக்கு இதனால் வலு ஏறியிருக்கிறது. ஆயினும் இருபத்து நான்கு என்ற எண் இருபத்து நான்காகவே இருக்கிறது. மேல் விசாரணைக்கு மற்றொரு நக்ஷத்திரம் வேண்டும்.

அது எப்போது கிடைக்கும்? நம் பால்வீதி மண்டலத்தில் ஒரு நூற்றாண்டுக்கு ஒன்றோ இரண்டோ மூன்றோ வெடிக்கக்கூடும் என்று கணக்கிடுகிறார்கள். அவற்றுள் பல தூசு மேகங்களுக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த கடைசி வெடிப்பு, கெப்ளர் ஆராய்ந்த 1604-ஆம் வருஷத்து நக்ஷத்திரம். மார்கழி இரவில் செந்நிறமாக ஒளிரும் நம் திருவாதிரையும் இத்தகைய முடிவை நோக்கிச் செல்வதுதான். அது 550 முதல் 700 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. 2019-ன் இறுதியில் அதன் ஒளி மங்கியபோது வெடிக்கப்போகிறது என்று பலர் பரபரப்படைந்தனர். அது வெளியே உமிழ்ந்த தூசுதான் ஒளியை மறைத்தது என்று பின்னர் தெரிந்தது. இன்னும் ஒரு லக்ஷம் வருஷம் ஆனாலும் ஆகலாம். ஆக்ஸியான்கள் அதிலிருந்து வருகின்றனவா என்று ஓர் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியைத் திருப்பியும் பார்த்தார்கள், அடையாளம் அகப்படவில்லை.

இதற்கிடையில் கணக்கர்கள் தம் ஏடுகளை விரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். காமியோகாவில் 1996 முதல் 50,000 டன் ஜலமுள்ள பெரிய தொட்டி இயங்கி வருகிறது. பால்வீதியில் ஒரு நக்ஷத்திரம் வெடித்தால் அதில் மட்டும் ஆயிரக்கணக்கான நியூட்ரினோக்கள் பதிவாகும். அதனினும் பெரியதாக 2,60,000 டன் கொள்ளும் தொட்டி ஒன்றைக் கட்டும் வேலை 2020-ல் தொடங்கிற்று. தென் துருவத்துப் பனியில் ஒரு கன கிலோமீட்டர் அளவுக்குக் கருவிகள் புதைக்கப்பட்டிருக்கின்றன. சீன தேசத்தில் 20,000 டன் திரவம் நிரம்பிய கருவி 2025-ல் வேலை தொடங்கியது. ஒளி வருமுன் நியூட்ரினோ வந்துவிடுமாதலால், ஒருவரையொருவர் உடனே எச்சரித்துக்கொள்ளவும் ஓர் ஏற்பாடு உண்டு. அடுத்த தடவை பத்து விநாடியையும் ஓர் அங்குலம் விடாமல் அளந்துவிடலாம். ஓட்டை இருந்தால் எந்த விநாடியில் எவ்வளவு ஒழுகிற்று என்பது தெரிந்துவிடும்.

இவ்விஷயத்தை வகுப்பில் சொன்னால், "வராத ஒன்றுக்காக இத்தனை செலவா?" என்று ஒரு மாணவனாவது கேட்பது நிச்சயம். கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால் 'வராத ஒன்று' என்பது சரியன்று. நம் மண்டலத்தின் நக்ஷத்திரங்கள் பல பதினாயிரம் ஒளியாண்டுகள் பரவிக் கிடக்கின்றன. நூற்றாண்டுக்கு இரண்டு வெடிக்கிறதென்றாலும், இதுவரை வெடித்து முடிந்து, தம் நியூட்ரினோக்கள் இன்னும் நம்மை எட்டாமல் இருப்பவை நூற்றுக்கணக்கில் இருக்க வேண்டும். கடிதங்கள் தபாலில் சேர்ந்துவிட்டன; வந்து சேரும் தேதி மட்டும் உறையின்மேல் எழுதப்படவில்லை. வரும்போது கதவு திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கோஷிபா அந்தச் சம்பவம் நிகழ்ந்ததற்கு அடுத்த மாதமே தம் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். நியூட்ரினோக்கள் ஐந்து வாரம் தாமதித்திருந்தால் அவருடைய உத்தியோக காலத்தில் அவை வந்திரா. 2002-ல் நோபல் பரிசில் அவருக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அதிருஷ்டம் என்று சிலர் சொல்வதுண்டு. 1,68,000 வருஷம் பிரயாணம் செய்து வந்த விருந்தாளி எல்லோர் வீட்டு வாசலையும்தான் அன்று கடந்து சென்றார். அவர் வந்து போனதைக் கண்டவர்கள், விளக்கேற்றி வைத்து விழித்திருந்த சில பேர்களே.